கைராசிக்கு அலகு கேட்டவர்

என் தங்கை கோமதி போன் செய்தபோது நான் ஈப்போ பழைய நகரத்தில், வழக்கமான காப்பிக் கடையில், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கமான பொய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் அதன் உச்சத்தை எட்டும் நேரம். எதிரில் இருந்த இருவரும் வாயைப் பிளந்திருந்தார்கள்.

“அண்ணே, அவரு போயிட்டாரு” என்றாள் கோமதி.

அவளே தொடர்ந்தாள். “காப்பியக் குடிச்சி முடிச்சிட்டே வா. அவசரமில்லலா. அவரு இனிமே யாரையும் திட்டப்போறதில்ல.”

அந்தக் கணத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் எல்லாம் ஒரு முழம் தாழ்ந்தன, குகைக் கோயில்களின் மணிகள் தாமாகவே அடித்தன, பேராக் ஆறு கோலா கங்சாரில் சற்று நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று என்று எழுதத்தான் எனக்கு ஆசை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: காப்பிக் கடைக்காரர் விசிறியின் வேகத்தைக் கூட்டினார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

போனவர் முனைவர் கதிரேசன். என் தங்கையின் கணவர், கிராஃபீன் ஆராய்ச்சியாளர். நம் மன்றத்தில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இருக்க முடியாது. மன்றத் தலைவரின் வரவேற்புரையில் எத்தனை வாக்கியம் தேவையில்லாதது என்று கூட்டத்திலேயே எழுந்து சொன்னவர் அவர்தான். மணமகனின் படிப்பைப் பற்றிப் பெண் வீட்டார் கேட்டபோது, “படிச்சிருக்கான், ஆனா ஒன்னும் ஒட்டல” என்று சொல்லி ஒரு கல்யாணத்தையே பாகான் டத்தோ கடலில் கரைத்தவரும் அவர்தான். மன்ற மலருக்கு நான் எழுதும் இந்த அஞ்சலியை அழுதுகொண்டே படிக்கலாம் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதை மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

கிராஃபீன் என்றால் என்ன என்று எனக்கு அவர் விளக்கிய இடம் என் மகளின் கல்யாணப் பந்தி. இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலையும் கொஞ்சம் ஒட்டு நாடாவையும் எடுத்தார். பென்சில் கரியை நாடாவில் தேய்த்தார். மடித்து ஒட்டினார், பிரித்தார். மறுபடி ஒட்டினார், பிரித்தார். ஒவ்வொரு முறையும் கரி மெலிந்துகொண்டே போயிற்று.

“இப்படியே பிரிச்சிக்கிட்டுப் போனா கடைசில ஒரே ஒரு அணு கனத்துல ஒரு தாள் மிஞ்சும், மச்சான். அதான் கிராஃபீன். எஃகைவிட உறுதி. ரப்பர் மாதிரி வளையும். செம்பைவிட நல்லா மின்சாரம் ஓடும்.”

எதிர் வரிசையில் இருந்த எங்கள் அத்தை ஒருவர் கழுத்தை நீட்டி நாடாவைப் பார்த்தார். “ஒன்னும் தெரியலயேப்பா. கண்ணுக்கே தெரியாத சாமானுக்கா ஒனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க?”

“உங்க புத்தியும்தான் கண்ணுக்குத் தெரியல, அத்த. இருக்குன்னு நம்பித்தானே எல்லாரும் உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கோம்.”

அத்தை அதன் பிறகு எட்டுத் திசைக்கும் கேட்கும்படி மூக்கைச் சிந்தினார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கதிரேசனுக்கு நான் பட்ட நன்றிக்கடன்களில் அது பெரியது.

அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது. அதே தோட்டத்தில்தான் அவருடைய அம்மா மரம் சீவினார். இதைக் கேள்விப்பட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் கண் கலங்க அவரைப் பேட்டி எடுக்க வந்தார். அம்மா பால் எடுத்த மண்ணில் மகன் அதே பாலை வைத்து ஆராய்ச்சி செய்கிறான் என்றால் சும்மாவா? கதிரேசன் அவரைக் கடைசிவரை பேசவிட்டார். பிறகு சொன்னார்: “எங்கம்மா சீவுன மரத்த நெனச்சி நீங்க அழறீங்க. எங்கம்மா ஒரு நாளும் அழுததில்ல. அவங்களுக்குக் கொசு அடிக்கவே ரெண்டு கை பத்தல.” பேட்டி வெளிவரவில்லை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். ரப்பர் பாலில் கிராஃபீன் துகள்களைக் கலந்து, தட்டில் ஊற்றி, மெல்லிய ஏடாகக் காயவைப்பது. அந்த ஏட்டை இழுத்தால் துகள்கள் விலகும், மின்சாரம் குறையும். விட்டால் துகள்கள் நெருங்கும், மின்சாரம் கூடும். மணிக்கட்டில் கட்டினால் நாடித் துடிப்பையே படிக்கும் ஒரு பட்டையைச் செய்யலாம். நான் இதை மன்றத்தில் விளக்கியபோது, இனி மருத்துவமனைகளை எல்லாம் இடித்துவிட்டுப் பூங்கா வைக்கலாம், எமனே அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் எருமையை அவிழ்ப்பான் என்று சொன்னேன். கதிரேசன் பின் வரிசையிலிருந்து, “பட்ட இன்னும் வேல செய்யல” என்றார்.

அதை வேலை செய்ய வைத்தவர் புனிதா. வைத்தார் என்றுதான் எல்லாரும் நம்பினோம்.

புனிதா பாகான் டத்தோக்காரர். அங்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அரசாங்க வேலை, ஓய்வூதியம், பள்ளிக்கு எதிரிலேயே வீடு. இதையெல்லாம் உதறிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில், முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று கதிரேசனின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அரசாங்க வேலையை விட்ட தமிழரை நம் சமூகம் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவருக்கே கருமாதி செய்துவிடும். அந்தப் பட்டம் ஒன்றுதான் அவருக்கு இனி மிச்சம். வந்தால் பேராசிரியை, வராவிட்டால் ஊர் வாய்க்கு அவல்.

கதிரேசன் முதல் நாளே அவரிடம், “நீங்க வந்தது தப்பு. ஆனா வந்துட்டீங்க” என்றாராம். அதை வரவேற்பு என்று புனிதா எடுத்துக்கொண்டார்.

முதல் வருடம் முழுக்க ஏடு உயிரில்லாமல் கிடந்தது. துகள்கள் பாலில் சேராமல் திட்டுத் திட்டாக நின்றன. பிறகு ஆயுத பூசை வந்தது. கோமதி சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பாலைக் கலக்கும் எந்திரத்துக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். கதிரேசன் ஓரத்தில் நின்று, “அந்த மெஷினு ஜெர்மன்காரன் செஞ்சது, அதுக்குத் தமிழ் தெரியாது” என்றார். சுண்டலை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் புனிதா ஊற்றிய ஏடு பேசியது! மணிக்கட்டில் கட்டிப் பார்த்தால், திரையில் நாடி அலை அலையாக எழுந்து விழுந்தது. அடுத்த ஏடும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆய்வுக்கட்டுரை வெளியாயிற்று. பட்டத்துக்கான ஆய்வேடு பாதிக்கு மேல் எழுதி முடிந்தது. நான் பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தேன்.

இடையில் தன் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகப் புனிதா ஊருக்குப் போனார். அவர் இல்லாத நாட்களில் கதிரேசன் தன் கையாலேயே ஏடு ஊற்றினார். பிணம். மறுபடி ஊற்றினார். பிணம். வடக்கே இன்னொரு பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தவர்களும் ஒன்றும் வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆய்வுக்கூட உதவியாளர் முருகையாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. “அது புனிதாக்கா கைராசிங்க டாக்டர். சில பேரு கை வச்சாத்தான் செடியே தழைக்கும்.”

“கைராசியா? அதுக்கு அலகு என்ன? வோல்ட்டா, ஓமா, கிலோவா? சொல்லு முருகையா, எழுதிக்கிறேன்.”

“அளக்க முடியாதுங்க டாக்டர், நம்பணும்.”

“நம்பறதுக்குக் கோயில் இருக்கு. இங்க வாடக குடுத்து மெஷினு வச்சிருக்கோம்.”

புனிதா திரும்பி வந்த அன்று கதிரேசன் ஒரு முக்காலியைப் போட்டு எந்திரத்தின் எதிரே உட்கார்ந்துகொண்டார். புனிதா எப்போதும் செய்வதைச் செய்தார். பாலை ஊற்றினார், துகள்களைச் சேர்த்தார், மூடியை வைத்தார். பிறகு எந்திரத்தின் பின்னால் இருந்த சிறு தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை மூன்று விரலால் மூடியின் மேல் பட்டையாக இழுத்தார். ஆயுத பூசைக்குப் பிறகு ஒரு நாளும் அவர் இதை விட்டதில்லை. முதல் வெற்றி அதன் பிறகுதானே வந்தது? நீங்களானாலும் விடமாட்டீர்கள். நான் இரண்டு தேங்காயும் சேர்த்து உடைத்திருப்பேன்.

எந்திரம் நடுங்கத் தொடங்கியது. மூடியின் நடுவே, கலக்கும் தண்டு இறங்குவதற்கு ஒரு துளை உண்டு. திருநீறு நடுக்கத்தில் மெல்ல நகர்ந்து, அந்தத் துளை வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

கதிரேசன் எழுந்து எந்திரத்தை நிறுத்தினார். அன்றே கிராஃபீன் ஒரு துகள்கூட இல்லாமல், வெறும் பாலில் ஒரு சிட்டிகைத் திருநீற்றைப் போட்டு ஏடு ஊற்றினார். காய்ந்ததும் மணிக்கட்டில் கட்டினார். நாடி அலை அலையாக எழுந்து விழுந்தது. ஈரமில்லாத பெட்டிக்குள் வைத்தார். செத்துப்போயிற்று. சாம்பலில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். ஈப்போவில் ஈரத்துக்கா பஞ்சம்? உலகை மாற்ற வந்த கண்டுபிடிப்பு, மழைக்காலத்தில் நமத்துப்போன அப்பளத்தின் தம்பி என்று தெரிந்தது.

அது உறுதியான மறுநாள் பாராட்டு விழா.

மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நான் மாலையோடு நின்றிருந்தேன். கதிரேசன் காரிலிருந்து இறங்கி, விஷயத்தை என்னிடம் நான்கு வரியில் சொன்னார். புனிதா பின்னால் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. சோதனையின் முடிவை அவருக்கு வரும் வழியில்தான் சொல்லியிருந்தார்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார் கதிரேசன்.

“இன்னிக்கு வேணாம் டாக்டர். அம்மா வந்திருக்காங்க. ஊர்லேர்ந்து வேன் வச்சி வந்திருக்காங்க. நாளைக்கிச் சொல்லிடலாம்.”

“நாளைக்கி இவங்க யாரும் வரமாட்டாங்க. பொய்யக் கேட்டவங்கதான் மெய்யையும் கேக்கணும்.”

“ஆலாமாக்! ஒரு நாள் வாய மூடுனா செத்தா போயிடுவ, மாப்பிள்ள?” என்றேன் நான்.

“நான் சாகமாட்டேன். அந்தக் கட்டுரைய நம்பி இன்னும் எத்தன பேரு பாலக் கலக்கிக்கிட்டிருக்கான், தெரியுமா ஒனக்கு?”

உள்ளே போனோம். நாதசுரம் ஒலித்தது. புனிதாவின் அம்மா முன் வரிசையில் புதுச் சேலையில் இருந்தார். கதிரேசன் பொன்னாடையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு ஒலிபெருக்கியின் முன் நின்றார். திருநீறு, உப்பு, ஈரம் எல்லாவற்றையும் ஒரு குழந்தைக்கும் புரியும்படி சொன்னார். அதுதான் கொடுமை. புரியாமல் சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். “என் கண்ணு முன்னால மாசக்கணக்குல நடந்திருக்கு. எனக்குத் தெரியல. இந்தக் கட்டுரை செல்லாது” என்று முடித்தார்.

புனிதாவின் அம்மா எழுந்தார். “அப்ப எம்மவளுக்குப் பட்டம் கெடைக்காதா, சார்?”

“இந்த வேலைக்குக் கிடைக்காதும்மா.”

“வாத்தியார் வேலயையும் விட்டுட்டு வந்தாளே...”

“அத நான் விடச் சொல்லல.”

கருணை உள்ள எவனும் அந்த இடத்தில் பொய் சொல்லியிருப்பான். நான் என்றால் ஒன்பது பொய் சொல்லியிருப்பேன், அதில் இரண்டு பாட்டாக இருந்திருக்கும். கதிரேசன் இறங்கி வந்து முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலி. அந்த அம்மா எழுந்து பின்னால் போய்விட்டார். அவரோடு வேனில் வந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நன்றியுரை முடியும்வரை அந்த வரிசையில் கதிரேசன் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார்.

கட்டுரையைத் தன் பெயரிலேயே திரும்பப் பெற்றார். துறைத் தலைவர் பதவி போயிற்று. அதற்காக யாரிடமும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. புனிதாவிடம், முதலிலிருந்து தொடங்கலாம், வாருங்கள் என்றார். புனிதா வரவில்லை. அடுத்த வாரமே கதிரேசன் அவருடைய மேசையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். “அவங்களுக்காகக் கொஞ்ச நாளு வச்சிருக்கக்கூடாதா?” என்று கோமதி கேட்டதற்கு, “மேச அழுவாது கோமதி” என்றார்.

புனிதா கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்கு மனுப் போட்டார். அதன் மேலாளர், ஒரு சீனர், கதிரேசனுக்குப் போன் செய்து ஆள் எப்படி என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். “நல்ல வேலைக்காரி. ஆனால் எந்திரத்துக்குப் பூசை போடுவார்” என்று மலாயில் சொன்னார் கதிரேசன். மேலாளர் மகிழ்ந்துபோய், எங்கள் தொழிற்சாலை வாசலிலும் சாமி மாடம் இருக்கிறது, உடனே வரச் சொல்லுங்கள் என்றாராம். கெடுக்கப் போன வாய் ஒரு நல்லதைச் செய்தது அந்த ஒரு முறைதான்.

சில வருடங்கள் போயின. கதிரேசன் ஓய்வு பெற்றார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் புனிதா ஒரு நாள் கோமதியின் வீட்டுக்கு வந்தார். கையில் தலையணை கனத்தில் ஓர் ஆய்வேடு. தொழிற்சாலை வேலைக்கு நடுவே, வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிந்து, மறுபடி முனைவர் பட்டத்துக்குப் படித்திருக்கிறார். பொருள், கிராஃபீன் கலந்த ரப்பர் ஏட்டில் உப்பும் ஈரமும் செய்யும் மோசடிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. சமர்ப்பிக்கும் முன் கதிரேசன் ஒரு முறை படிக்க வேண்டும் என்றார்.

“ஊர்ல வேற ஆளே கெடைக்கலயாம்மா?” என்று கேட்டேன்.

“இவரு சரின்னு சொல்லிட்டா அப்புறம் ஒலகத்துல யாரும் தப்புன்னு சொல்ல முடியாதுண்ணே.”

கதிரேசன் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார். “உக்காருங்க” என்றுகூடச் சொல்லவில்லை. படித்து முடிப்பதற்குள் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். ஆய்வேடும் கூடவே போயிற்று. தலைமாட்டில் பூ வைப்பார்கள், பழம் வைப்பார்கள். அவர் அதை வைத்திருந்தார்.

புனிதா பார்க்க வந்தபோது அவர் மூக்கிலும் வாயிலும் மூச்சுக் கவசம் இருந்தது. பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கதிரேசன் கவசத்தைக் கழற்றினார்.

“நாலாவது அத்தியாயம் தப்பு.”

கோமதி பதறினாள். “ஐயோ, மாட்டுங்க அத! மூச்சே வரல, இதுல அத்தியாயம் வேற.”

“எங்க டாக்டர்?” என்றார் புனிதா. அவர் கையில் கொண்டுவந்த ஆப்பிள் பை அப்படியே இருந்தது.

“ரெண்டாவது வரிச ஏடு... அளந்தப்ப... அறையில ஈரம் எவ்வளவு?”

புனிதா தலைமாட்டில் இருந்த ஆய்வேட்டைப் பார்த்தார்.

“அளந்தீங்களா?”

“ஏர்கான் போட்டிருந்துச்சு டாக்டர்.”

“நான் ஏர்கானக் கேக்கல.” மூச்சு வாங்கினார். “மத்ததெல்லாம் சரி. நாலாவது மட்டும் மறுபடி செய்யணும்.”

கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நாலாவது மட்டும் என்றால், அந்த ஏடுகளையெல்லாம் முதலிலிருந்து ஊற்றிக் காயவைத்து அளக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் போகும். புனிதா ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் கதிரேசன் பேசியதெல்லாம் தண்ணீர், விசிறி என்ற அளவில்தான். அறிவுலகத்துக்கு அவர் கடைசியாகச் சொன்ன சொல் ‘மறுபடி செய்யணும்’. மகான்கள் சாகும்போது இறைவன் பெயரைச் சொல்வார்கள். எங்களுக்கு வாய்த்தது இது.

மின்சுடலைக்குப் புனிதா வந்திருந்தார். சடங்குகள் முடிந்து, பெட்டி உள்ளே போய், கதவு மூடியது. வெளியே மரத்தடியில் தனியாக நின்றிருந்தவரிடம் போனேன். அஞ்சலிக்கு ஒரு நல்ல முடிவு வேண்டுமே என்ற கவலை எனக்கு.

“அவர மன்னிச்சிட்டியாம்மா?”

“எதுக்குண்ணே? அவரு சொன்னது சரிதானே.”

“அப்ப மன்னிச்சிட்ட.”

“இல்ல. சரியாச் சொன்னாரு. அத எங்கம்மா முன்னாடி சொன்னாரு. ரெண்டுமே நடந்துச்சுலா.”

எனக்கு அந்தப் பெண்ணைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. குரலைத் தாழ்த்தினேன். “அந்த நாலாவது அத்தியாயத்த அப்படியே குடுத்துடும்மா. பரீட்சக்காரங்க யாரும் அவரு மாதிரி தோண்டிப் பாக்கமாட்டாங்க. தப்பு இருக்குன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான். அவரும் உள்ள எரிஞ்சிக்கிட்டிருக்காரு.”

புனிதா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏட்டில் திட்டாக நின்றுவிட்ட துகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எனக்குத் தெரியுமேண்ணே” என்றார்.

பிறகு கோமதியிடம் சொல்லிக்கொண்டு, பிற்பகல் ஏடு ஊற்ற வேண்டும் என்று கிளம்பிப் போனார்.

கதிரேசனின் சட்டைகளைக் கோமதி ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டாள். புத்தகங்களை முருகையா வந்து ஏற்றிக்கொண்டு போனார். உனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால், மின்சுடலைக்குப் போகும் வழியில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. ஈப்போவில் நான் பயந்து பேச வேண்டிய ஒரே ஆள் போய்விட்டார், இனி எந்தக் காப்பிக் கடையிலும் எந்தக் குன்றையும் எத்தனை முழமும் தாழ்த்தலாம் என்று எண்ணியிருந்தேன். திரும்பி வரும்போது அந்த நிம்மதி இல்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பயம்தான். புனிதா ஏதோ ஓர் அறையில் ஈரத்தை அளந்துகொண்டிருக்கும்வரை அது குறையப்போவதில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.